சவலை என்று எழுதிய பக்கம்

எனக்குப் பிறகு எங்கள் வட்டத்துக்கு மேற்பார்வையாளராக வந்த பெண் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தாள். கையில் ஒரு புதுப் படிவம். இனிமேல் ஒவ்வொரு பால்வாடிக்கும் மதிப்பெண் போட வேண்டுமாம். சுத்தத்துக்கு இத்தனை, சமையலுக்கு இத்தனை, பதிவேட்டுக்கு இத்தனை என்று கட்டம் கட்டமாக இருந்தது. கடைசியில் கூட்டிப் பார்த்து முதல் தரம், இரண்டாம் தரம் என்று சொல்லிவிடுவார்களாம்.

"உங்க காலத்துல உங்க மேல ஒரு குறைகூட எழுதினது இல்லன்னு ஆபீஸ்ல சொல்றாங்க டீச்சர். அது எப்படின்னு கொஞ்சம் எழுதிக் குடுங்களேன். புதுசா வர்றவங்களுக்குப் படிச்சுக் காட்டறேன்" என்றாள்.

எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இதைப் படித்துக் காட்டுவாளா என்பது சந்தேகம்தான்.

என் பெயர் நூர்ஜஹான். ஊர்ப்பக்கம் நூர் டீச்சர் என்றால்தான் தெரியும். திருவண்ணாமலையில் எங்கள் தெருவிலிருந்து அரசாங்க வேலைக்குப் போன முதல் பெண் நான். அத்தாவுக்கு அதில் பெருமையும் பயமும் சரிபாதி. பயிற்சி காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாட்டு, விளையாட்டு, துணிப் பொம்மை தைப்பது, சத்துணவு என்று பலதும் சொல்லிக்கொடுத்தார்கள். ஒருநாள் ஒரு டாக்டரம்மா வந்து திரையில் படங்கள் காட்டினார். அதில் ஒரு குழந்தைக்கு முகமும் காலும் வீங்கி, தலைமுடி செம்பட்டையாக இருந்தது. ஆப்பிரிக்காவில் எடுத்த படம் என்றார். அது அந்த ஊர் வியாதி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு சரி, நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை.

பல வருடங்கள் பால்வாடியில் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தேன். எழுபதுகளின் நடுவில் மேற்பார்வையாளராக்கினார்கள். இருபது பால்வாடிகள் என் பொறுப்பு. இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரையான பிள்ளைகள் காலையில் வருவார்கள். ஒரு டீச்சரும் ஒரு ஆயாவும் இருப்பார்கள். பஸ்ஸில் பாதி, நடையில் பாதி என்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா ஊருக்கும் போய்விடுவேன். போனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்ப்பேன். தண்ணீர்ப் பானைக்கு மூடி இருக்கிறதா, மாவு டப்பாவில் வண்டு விழுந்திருக்கிறதா, ஆயாவின் நகம் வெட்டியிருக்கிறதா என்று ஒன்றையும் விடமாட்டேன். நான் வருகிறேன் என்றால் டீச்சர்கள் முந்தின நாளே பானை, டப்பா எல்லாவற்றையும் தேய்த்து வைத்துவிடுவார்கள். எனக்கு அது தெரியும். பிடித்தும் இருந்தது.

எங்கள் எல்லோரையும் பயமுறுத்தியவர் எங்கள் திட்ட அலுவலர். பத்மாசனி மேடம். வெளுத்த கைத்தறிப் புடவை, கையில் பென்சில். சத்தம் போட்டுப் பேசி ஒருவரும் கேட்டதில்லை. பதிவேட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படிப்பார். "முதல் பக்கம் எல்லாரும் நல்லாத்தான் எழுதுவாங்க" என்பார். எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பினால் அவருக்குப் பிடிக்காது. பென்சிலின் ரப்பர் முனையால்தான் திருப்புவார். ஏதாவது ஒரு எண் மனசுக்குச் சரியாகப் படவில்லை என்றால் அதன் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி வைப்பார். ஏன் என்று சொல்லமாட்டார். ஒரு வாரத்துக்குள் அந்தப் புள்ளிக்கு நாம் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும். மேடம் வந்துவிட்டுப் போனதும் நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது, "உனக்கு எத்தனை புள்ளி?" என்பதுதான்.

ஒருமுறை அவரோடு வேறு வட்டத்துப் பால்வாடி ஒன்றுக்குப் போனேன். பட்டியலில் இருந்த அத்தனை பிள்ளைகளும் வந்திருந்தார்கள். ஒருவர் விடாமல் வந்திருந்ததே எனக்கு உறுத்தியது, ஆனால் பிடி கிடைக்கவில்லை. மேடம் தரையில் உட்கார்ந்துகொண்டு, அடுக்கியிருந்த தட்டுகளைக் கலைத்துப் போட்டு, "உன் தட்டை எடுத்துக் குடும்மா" என்று ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டார். பழைய பிள்ளைகள் நெளிசலைப் பார்த்தே தங்கள் தட்டை எடுத்துவிட்டார்கள். ஆறு பிள்ளைகள் முழித்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்துத் தெருவிலிருந்து அன்று காலையில் கூட்டிவந்து உட்காரவைத்த பிள்ளைகள் அவர்கள். மேடம் வருகைப் பக்கத்தைத் திறந்தார். புள்ளி வைத்துவிட்டு எழுந்துவிட்டார். அன்றிலிருந்து அவர்மேல் எனக்கு ஒரு பக்தியே வந்துவிட்டது. அவர் கையால் என் வட்டத்துக்குப் புள்ளி விழக்கூடாது என்பதே என் குறியாகிவிட்டது. நல்ல குறிதான். அதற்காக நான் என்ன செய்தேன் என்பதுதான் கதை.

எல்லா வட்டத்திலும் ஒரு பழக்கம் இருந்தது. மாதம் முழுக்க எழுதிய பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இருக்கும், எண்ணெய்க் கறை இருக்கும், பிள்ளைகள் கிறுக்கியிருக்கும். மேடம் வருவதற்கு முன்னால் அதையெல்லாம் ஒரு புது நோட்டில் அழகாகப் பார்த்து எழுதிவிடுவோம். நல்ல பிரதி என்று பெயர். பழைய நோட்டு ஆயாவின் அடுப்புக்குப் போய்விடும். யாரும் இதைத் தப்பு என்று நினைத்ததில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் பழம்புடவையோடு நிற்பார்களா என்ன.

எண்பதுகளின் தொடக்கத்தில் எடை போடுவது கட்டாயமானது. கடிகார முகம் மாதிரி ஒரு தராசு, மேலே கொக்கி, கீழே துணித் தூளி. பால்வாடியின் உத்திரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட வேண்டும். முதலில் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் என் பையில் ஐந்து கிலோ படிக்கல் ஒன்றைத் தூக்கிக்கொண்டே திரிவேன். அதை மாட்டி, முள் ஐந்தில் நின்றால்தான் பிள்ளையைப் போட விடுவேன். சட்டை, கொலுசு எல்லாம் கழற்றிவிட வேண்டும், அரைஞாண் கயிறு மட்டும் இருக்கலாம். பிள்ளை அழுது உதறும்போது முள்ளைப் படிக்கக்கூடாது. அடங்கினதும், கண்ணுக்கு நேராக வைத்துப் படிக்க வேண்டும். டீச்சர் சொல்ல வேண்டும், ஆயா திருப்பிச் சொல்ல வேண்டும், பிறகு அட்டையில் புள்ளி வைத்துப் போன மாதத்துப் புள்ளியோடு கோடு இழுக்க வேண்டும். கோடு மேலே போனால் பிள்ளை தேறுகிறது. கீழே போனால் கவனிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் புரியும் என்றார்கள். புரிந்தது. அதனால்தான் பாதிப்பேர் வரவே மாட்டார்கள். "தராசுல போடற அளவுக்கு எம்புள்ள என்ன மல்லாட்டையா? கண்ணு பட்டுடும்" என்பார்கள். மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் நிலக்கடலை. கன்னத்தில் மை வைத்து, நெற்றியில் மை வைத்து, நைச்சியமாகப் பேசித்தான் தூளியில் போடுவோம்.

கீழ்பென்னாத்தூர் போகிற பக்கத்தில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். அந்த ஊர் பால்வாடி டீச்சர் விசாலாட்சி. அதே ஊரில் வாழ்க்கைப்பட்டவள். கணவனுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம், இரண்டு பெண் பிள்ளைகள். எட்டாவது படித்திருந்தாள். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். நான் அதற்காகவே அவளைத் திட்டுவேன். ஆனால் பிள்ளைகள் அவள் முந்தானையை விடமாட்டார்கள். எந்தப் பிள்ளை நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டது என்று கேட்டால் சொல்லிவிடுவாள். அந்த மாதிரி டீச்சர் இருபதில் இரண்டு பேர் இருந்தால் பெரிது.

அந்தப் பால்வாடியில் அஞ்சலை என்று ஒரு பெண் குழந்தை. இரண்டரை வயது. அம்மா சின்னப்பொண்ணு கூலிக்குப் போகிறவள், அப்போது மறுபடியும் ஆறு மாதம். ஆவணியிலும் புரட்டாசியிலும் அஞ்சலையின் கோடு படுத்தே கிடந்தது. எட்டு கிலோவைத் தொடவில்லை. நான் விசாலாட்சியை நிற்கவைத்துக் கேட்டேன்.

"ரெண்டு மாசமா இந்தக் கோடு அசையவே இல்ல. நீ இன்னா பண்ற இங்க?"

"சோறு எறங்க மாட்டேங்குதுங்க டீச்சர். மாவு உருண்ட குடுத்தா கையிலயே வச்சிக்கினு குந்தினுக்கீது. வூட்டுக்குக் குடுத்தனுப்பினா மத்ததுங்க துன்னுடுதுங்க."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. வர்ற மாசம் ஏறியிருக்கணும். மேடம் வராங்க."

ஐப்பசியில் நான் போனபோது கோடு ஏறியிருந்தது. சும்மா இல்லை, ஒரே மாதத்தில் எட்டே முக்காலுக்குப் போயிருந்தது. அட்டையைப் பார்த்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பதிவேட்டைத் திறந்தேன். குறிப்பு எழுதுகிற இடத்தில், அந்தக் கோழிக் கிளறல் எழுத்தில், "சவலை. மூஞ்சி கால் வீங்கிக்கிது" என்று எழுதியிருந்தாள்.

சவலை என்றால் நம் பக்கத்தில் யாருக்கும் தெரியும். அடுத்த பிள்ளை வயிற்றில் வந்ததும் முந்தின பிள்ளைக்குத் தாய்ப்பால் நின்றுபோய், அது ஏங்கி நோஞ்சானாகிவிடும். அதுதான் சவலைப் பிள்ளை. குச்சிக் கையும் குச்சிக் காலுமாக இருக்கும். அப்படித்தான் நான் பார்த்திருக்கிறேன்.

"இன்னா விசாலாட்சி இது? சவலைன்னா இளைக்கும். இது முக்கா கிலோவுக்கு மேல ஏறியிருக்கு."

"ஏறிக்கீது டீச்சர். ஆனா சவலைதான். எங்க பெரியம்மா வூட்ல ஒரு புள்ள இப்படித்தான் ஊதிச்சு. நீங்களே பாருங்களேன்."

பார்த்தேன். மறைக்கவில்லை, பார்த்தேன். அஞ்சலை சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். மற்ற பிள்ளைகள் என் பையை இழுத்துக்கொண்டிருந்தார்கள், அவள் திரும்பவில்லை. கன்னம் இரண்டும் உப்பி, கண் சிறுத்திருந்தது. முடி ஒரு மாதிரி வெளிறியிருந்தது, வெயிலில் திரிகிற பிள்ளை என்று எடுத்துக்கொண்டேன். தூக்கினேன். சிணுங்கினாள். கனமாக இருந்தாள்.

"கன்னம் எப்படி உப்பியிருக்கு பாரு. இதுவா சவலை? நல்லா தேறி வருது. ஊர்ப் பேச்சையெல்லாம் பதிவேட்டுல எழுதாத. சவலைன்னு பாத்தா மேடம் சிரிப்பாங்க. ஆபீசுக்கு எழுதற மாதிரி எழுது."

"அப்போ ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவ சொல்லட்டுமா?"

"எடை ஏறுற புள்ளைய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா, ஏன் அனுப்பினன்னு நம்மளத்தான் கேப்பாங்க."

இதைத்தான் சொன்னேன். இதே வார்த்தைகள். அப்புறம் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தேன். நல்ல பிரதி எடுக்கும்போது "தேறி வருகிறது" என்று எழுதச் சொன்னேன். அவள் அடித்த வரியை இன்னொரு தடவை படித்தாள். பிறகு எழுதினாள். சோம்பல் பட்டுக் கிறுக்காமல் எழுது என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பழைய நோட்டை ஆயா எடுத்துக்கொண்டு போனாள்.

நாலைந்து நாளில் மேடம் வந்தார். அன்று அஞ்சலை வரவில்லை. பின்பக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டு வந்தவர், அந்தப் பக்கத்தில் நின்றார். போன மாத எண்ணையும் இந்த மாத எண்ணையும் பார்த்தார். எட்டே முக்காலுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார். பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

ஆக, புள்ளி விழுந்தது. எதற்காக வைத்தாரோ அதற்காகத்தான் விழுந்தது. இந்த எண்ணில் ஏதோ சரியில்லை, போய்ப் பார் என்று அர்த்தம். நான் என்ன செய்திருக்க வேண்டும்? மறுநாள் அந்த ஊருக்குப் போய், அஞ்சலையை மடியில் உட்காரவைத்துப் பார்த்திருக்க வேண்டும். கார்த்திகை தீபம் நெருங்கிவிட்டது. ஊர் முழுக்கக் கூட்டம், பஸ்ஸெல்லாம் யாத்திரைக்காரர்களை ஏற்றிக்கொண்டு எங்கெங்கோ போயின. பஸ் கிடைக்கவில்லை என்று வருடக்கணக்கில் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். காலையில் ஒரு பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. புள்ளிக்குப் பதில் எழுத மேசை போதும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

"மைய உணவு தவறாமல் வழங்கப்பட்டதாலும் பணியாளரின் தொடர்ந்த கவனத்தாலும் குழந்தையின் எடை கூடியுள்ளது" என்று என் அழகான கையெழுத்தில் எழுதி மேடத்தின் மேசையில் வைத்தேன். படித்தார்.

"புள்ளைய நேர்ல பாத்தீங்களா நூர்ஜஹான்?"

"பாத்தேன் மேடம்."

"சரி" என்று கையெழுத்துப் போட்டார். நான் பார்த்தது அவர் புள்ளி வைப்பதற்கு முன்னால். அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தீபம் முடிந்த மூன்றாம் நாள் சின்னப்பொண்ணு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தானாகவே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மல்லாட்டை ஆயும் வேலை முடிகிற வரைக்கும் அவளால் வர முடியவில்லை. டீச்சர்கள்தான் எடை ஏறியிருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்களே, அதுவும் ஒரு தைரியம். சேதி கேட்டு நான் போனேன். அஞ்சலையின் கால் தோல் பளபளவென்று, அங்கங்கே உரிந்து கிடந்தது. டாக்டர் கட்டைவிரலை அவள் புறங்காலில் வைத்து அழுத்தி எடுத்தார். பிசைந்த மாவில் விரல் வைத்த மாதிரி குழி அப்படியே நின்றது. அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"இது சதையில்லம்மா, தண்ணி. உள்ள புள்ள எலும்பாத்தான் இருக்கு. மல்லாட்டை வெளையற ஊர்ல இப்படி ஒரு புள்ள. நீங்க மாசாமாசம் எடை போடறீங்கல்ல?"

தண்ணீரைத்தான் நாங்கள் எடை போட்டிருந்தோம். படிக்கல்லை மாட்டிச் சரிபார்த்த தராசில், கண்ணுக்கு நேராக வைத்து, சரியாகத்தான் போட்டிருந்தோம். அன்று இரவு தாண்டவில்லை. விடிவதற்குள் அஞ்சலை போய்விட்டாள். சின்னப்பொண்ணு என்னிடம் சண்டை போடவில்லை, திட்டவில்லை. போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாதாமாதம் எடை போடுகிற பிள்ளை இந்த நிலையில் எப்படி வந்தது என்று டாக்டர் மேலே எழுதிவிட்டார். விசாரணை வந்தது. எங்கள் அலுவலகத்திலேயே, மேடத்தின் அறையில். அவர் மேசைக்கு அந்தப் பக்கம், நானும் விசாலாட்சியும் இந்தப் பக்கம். நடுவில் பதிவேடு.

"இந்தக் குழந்தைக்கு வீக்கம் இருந்ததை நீங்க மேற்பார்வையாளருக்குத் தெரிவிச்சீங்களா?" என்று விசாலாட்சியைக் கேட்டார்.

"தெரிவிச்சேன் மேடம். எழுதினேன். சவலைன்னு எழுதினேன். நூர் டீச்சர் பாத்தாங்க."

மேடம் என் பக்கம் திரும்பினார். "நூர்ஜஹான்?"

அப்போது எங்கள் வீடு என் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. ஆனால் அந்த நிமிடத்தில் அதுதான் என் மனசில் இருந்தது. நான் சொன்னேன்.

"பதிவேட்டுல அப்படி எதுவும் இல்லைங்க மேடம்."

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. மேடம் பக்கத்தைத் திறந்து விசாலாட்சி பக்கம் திருப்பி வைத்தார். "தேறி வருகிறதுன்னு இருக்கு. இது யாரோட கையெழுத்து?"

விசாலாட்சி குனிந்து பார்த்தாள். என் பக்கத்தில் உட்காரவைத்து நான் எழுதவைத்த எழுத்து. வழக்கத்தைவிட நன்றாகவே இருந்தது.

"என்னுதுதான் மேடம்" என்றாள்.

நல்ல பிரதி பழக்கம் மேடத்துக்குத் தெரியாதா? தட்டைக் கலைத்துப் போட்டு ஆறு பிள்ளைகளைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு நோட்டு புதுசா பழசா என்று தெரியாமலா இருக்கும். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் எல்லாம் இருந்தது. பழைய நோட்டு எங்கே என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் உடைந்திருப்பேன். கேட்கவில்லை. பென்சிலைத் திருப்பிப் பிடித்து, எட்டே முக்காலுக்குப் பக்கத்தில் இருந்த புள்ளியை ரப்பர் முனையால் மெதுவாக அழித்தார். துகளை ஊதிவிட்டார். புள்ளி இருந்தால், சந்தேகம் வந்தும் நீங்கள் ஏன் பதிலை அப்படியே ஒப்புக்கொண்டீர்கள் என்று அவரையும் கேட்பார்கள். நாங்கள் இருவரும் அன்று ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டோம். அதற்குப் பிறகு அவர் முகத்தை நேராகப் பார்த்து நான் பேசியதில்லை, அவரும்தான். அந்தப் பக்தியும் அங்கேயே போய்விட்டது.

விசாலாட்சியை வேலையிலிருந்து நீக்கினார்கள். உத்தரவில் காரணம், "குழந்தையின் உடல்நிலையைக் கவனிக்கத் தவறியது". இருபது டீச்சர்களில் கவனித்தவள் அவள் ஒருத்திதான்.

ஒரு மாதம் கழித்து என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசலில் நின்றபடியே பேசினாள்.

"வேல வேணாம் டீச்சர். அதப் பத்தி நான் கேக்க வரல. ஊர்ல என்னிய, புள்ளைய சாவ வுட்டவன்னு பேசறாங்க. கொழாயடிக்குப் போனா எழுந்து போறாங்க. எம்பொண்ணுங்கள வெளையாட சேத்துக்க மாட்டேங்குதுங்க. எங்க வூட்டுக்காரரே, ஆபீஸ்காரங்க சும்மாவா எழுதுவாங்கன்றாரு. நீங்க ஒருதரம் எங்க ஊருக்கு வந்து, இவ சொன்னா, நான்தான் கேக்கலன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. எழுதித் தர வேணாம். வாயால சொன்னா போதும்."

வாயால் சொன்னால் போதும் என்றாள். எழுத்தில் கேட்டிருந்தால் மறுத்திருப்பேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. "வரேன் விசாலாட்சி. கொஞ்ச நாள் போகட்டும், இப்ப எல்லாம் சூடா இருக்கு" என்றேன். தலையாட்டினாள். "வாங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கொஞ்ச நாள் போயிற்று. அந்த ஊர்ப் பால்வாடியையே நைசாக வேறொரு மேற்பார்வையாளரின் பட்டியலுக்கு மாற்றிக்கொண்டேன். வருடங்களும் போயின. ஊதிய பிள்ளைகளைப் பார்த்தால் காலை அழுத்திப் பார்க்கும் பழக்கம் மட்டும் வந்தது. அப்படி மூன்று பிள்ளைகளைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், மூன்றும் பிழைத்தன. அதற்காக யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம். அழுத்திப் பார் என்று படிவத்தில் எங்கேயும் கட்டம் இல்லை, இன்றைய புதுப் படிவத்திலும் தேடிப் பார்த்தேன், இல்லை. டீச்சர்களிடம் நானும் காரணம் சொல்லிக்கொடுக்கவில்லை. சொன்னால் எங்கிருந்து தெரிந்தது என்று கேட்பார்கள்.

எண்பதுகளின் கடைசியில் ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள். குறை எழுதப்படாத பணி என்று மேடையில் பேசினார்கள். ஓய்வூதிய உத்தரவு கைக்கு வரும் வரை காத்திருந்தேன். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வந்த மறுவாரம் கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். இவ சொன்னா, நான்தான் கேக்கல. இவ எழுதினா, நான்தான் அடிச்சேன். அவ்வளவுதான்.

விசாலாட்சியின் வீடு பூட்டியிருந்தது. வாசலில் கோலம் போட்ட தடமே இல்லை. எதிர்ப்பக்கம் கைப்பம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த ஒரு பெண், சின்ன வயசுதான், குடத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"யாரம்மா தேடறீங்க?"

"விசாலாட்சின்னு. பால்வாடியில வேல பாத்தாங்களே."

"அவங்க பெங்களூர் பக்கம் போயி ரெண்டு வருசம் ஆவுதே. குடும்பத்தோட போயிட்டாங்க." பிறகு, சரியான ஆளைத்தான் தேடுகிறேனா என்று உறுதிப்படுத்திக்கொள்வதற்காக, சாதாரணமாகக் கேட்டாள். "அந்தப் புள்ளைய சாவ வுட்டாங்களே, அந்த டீச்சரத்தான கேக்கறீங்க?"

"ஆமா" என்றேன். "அவங்கதான்."